மூலைக் காவலரும் பால் தராசும்

(பெக்கான் நானாஸ் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூட்டிய இந்தக் கூட்டத்தில் நாம் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். "இதென்ன வேடிக்கை!" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்திருங்கள். பந்தில் தொடங்கினாலும் பால் தராசில் கொண்டுவந்து முடிப்போம்.

இந்த ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கும் ஊர் இது. பழம் வாங்கத் தெரிந்தவர் எப்படி வாங்குகிறார் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பருமனை மட்டும் பார்த்துக் காசை நீட்டமாட்டார். கையில் தூக்கிப் பார்ப்பார். அடியை முகர்ந்து பார்ப்பார். கண்களின் நிறத்தைப் பார்ப்பார். பிறகுதான் விலை பேசுவார். ஒரு பழத்துக்கே இத்தனை சோதனை. ஒரு மனிதனின் உழைப்புக்கு விலை பேசும்போது மட்டும் தாளில் எழுதிய ஒரே ஓர் எண்ணைப் பார்த்து, "இவனுக்கு இவ்வளவு, அவளுக்கு அவ்வளவு" என்று முடித்துவிடலாமா? அதுதான் இன்றைய பேச்சு.

காப்பிக்கடையில் இளைஞர்கள் கூடினால் அடிக்கடி ஒரு வழக்கு நடக்கும். "கோல் அடிக்கிறவனுக்குத்தான் கூடச் சம்பளம் கொடுக்க வேண்டும்" என்பான் ஒருவன். "கோல் விழாமல் காக்கிறவனுக்கு யார் கொடுப்பது?" என்பான் மற்றவன். முதல்வன் உடனே கணக்கை நீட்டுவான்: இவன் இத்தனை ஆட்டம், இத்தனை கோல். இரண்டாமவன் கையில் கணக்கு ஒன்றும் இராது. நடக்காமல் போன கோலை எந்தத் தாளில் எழுதி வைப்பது?

நம் நாட்டுப் பந்தாட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1980ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கொரியாவை மலேசியா 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் நம்மவர்கள் போகவில்லை என்பது வேறு கதை. அன்று வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கின் பெயர் இன்றும் எல்லார் நாவிலும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் பின்னால் நின்று காத்தவர்கள் யார்? மலாக்காவின் சோ சின் ஆன், சிலாங்கூரின் சந்தோக் சிங். கோல் கம்பத்தில் நம் ஆர். ஆறுமுகம். அவர்களுக்கு முன்னே, 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கிற்குப் போன குழுவில் காவல் நின்றவர் எம். சந்திரன். இவர்கள் தடுத்த பந்துகள் எத்தனை, இவர்களைப் பார்த்து எதிரி வழி மாறிப் போனது எத்தனை முறை என்று யாரும் கூட்டிவைக்கவில்லை. அந்தக் காலத்தில் பந்தாட்டம் இங்கே பிழைப்பும் இல்லை. 1989இல் அரைத் தொழில்முறையும் 1994இல் முழுத் தொழில்முறையும் வந்த பிறகுதான் விளையாட்டு சம்பளக் கணக்காயிற்று. ஆகவே காவல்காரனின் கூலிக் கணக்கை ஆராய, எண்களையெல்லாம் எழுதிவைக்கும் வேறொரு நாட்டுக்கு நாம் போக வேண்டியிருக்கிறது. அந்த நாடு அமெரிக்கா.

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நம் பந்தாட்டம் அன்று. பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையால்தான் வீசுவார்கள். ஒருவர் வீசுவார்; அவர் அணியைச் சேர்ந்த ஒருவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். பிடிக்க ஓடுபவரை நிழல்போல் ஒட்டிக்கொண்டு ஓடி, பிடிக்கவிடாமல் தடுப்பதற்கென்றே எதிரணியில் இருவர் மைதானத்தின் இரு ஓரங்களில் நிற்பார்கள். அவர்களை 'கார்னர்பேக்' என்கிறார்கள். மூலைக் காவலர் என்று நாம் வைத்துக்கொள்வோம். மூலைக் காவலர் சில வேளைகளில் பந்தைத் தாமே பறித்துவிடுவார். அந்தப் பறிப்பை எண்ணி எழுதிக்கொள்கிறார்கள். நம் தராசில் விழும் கிலோ மாதிரி, மூலைக் காவலருக்குப் பறிப்பு. பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் எண் அதுதான்.

இப்போது இரண்டு மூலைக் காவலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். ஒருவர் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் நாம்டி ஆசமுவா. இன்னொருவர் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டாரெல் ரீவிஸ்.

ஆசமுவா 2006ஆம் ஆண்டில் 8 பந்துகளைப் பறித்தார். 2007இல் 1. 2008இல் 1. 2009இல் 1. 2010இல் ஒன்றுகூட இல்லை. ரீவிஸ் 2007இல் 3, 2008இல் 5, 2009இல் 6 பந்துகளைப் பறித்தார்.

தாளை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் இதைக் கொடுத்தால் என்ன சொல்வார்? "முதல் ஆள் எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டான். சோம்பல் வந்துவிட்டது, சம்பளத்தைக் குறை. இரண்டாம் ஆள் ஏறிக்கொண்டே வருகிறான். அவனுக்குக் கூட்டு" என்பார். நடந்ததோ நேர்மாறு. ஒரு பறிப்பு மட்டுமே இருந்த ஆசமுவாவுக்கு 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் 3 ஆண்டுகளுக்கு 4 கோடியே 53 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆண்டுக்கு 1 கோடியே 51 லட்சம் டாலர். அதே காலத்தில் பறிப்பில் முந்தியிருந்த ரீவிஸுக்கு, அணியில் புதிதாய்ச் சேர்ந்தபோது எழுதிய பழைய ஒப்பந்தப்படி 2010ஆம் ஆண்டுக்குக் கிடைக்க வேண்டியது 10 லட்சம் டாலர்.

ஏன் இப்படி? ஆசமுவாவின் எட்டு ஒன்றாக இறங்கியதற்குக் காரணம், அவர் இருந்த பக்கம் பந்து வீசவே எதிரிகள் அஞ்சியதுதான். எட்டு முறை பறிகொடுத்தவர்கள் மறு ஆண்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பந்து வராத இடத்தில் எதைப் பறிப்பது? அவருடைய எண் குறைந்தது அவருடைய திறமைக்குச் சான்று. நல்ல காவல்காரன் காவல் நிற்கும் தோட்டத்தில் திருட்டே நடக்கவில்லை. "இந்த ஆண்டு ஒரு திருடனைக்கூடப் பிடிக்கவில்லையே, சம்பளம் எதற்கு?" என்று அவனைக் கேட்கலாமா?

சரி, அப்படியானால் ரீவிஸ் குறைந்தவரா? அதுவும் இல்லை. பறிப்பை விட்டுவிட்டு வேறொரு கணக்கைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டில் பந்து பிடித்து ஓடுவதில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் ஹியூஸ்டன் அணியின் ஆண்ட்ரே ஜான்சன். அந்த ஆண்டு முழுதும் 16 ஆட்டங்களில் அவர் எடுத்தது 1,569 கெஜம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 98 கெஜம் வருகிறது. ரீவிஸ் காவலில் நின்ற ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது வெறும் 35 கெஜம். ஆசமுவா பெரும்பாலும் மைதானத்தின் ஒரே பக்கத்தைக் காத்தவர். ரீவிஸோ எதிரணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரன் எந்தப் பக்கம் போனாலும் பின்தொடர்ந்து போனவர். ஒருவர் தமக்குத் தந்த நிரையை அப்பழுக்கில்லாமல் பார்த்தார். மற்றவர் நாள்தோறும் கடினமான நிரையையே கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டும் உழைப்புத்தான். ஆனால் ஒரே அளவுகோலுக்குள் அடங்கும் உழைப்பல்ல.

ரீவிஸ் என்ன செய்தார்? "என் வேலைக்கு உரிய விலை இதுவல்ல" என்று சொல்லி, 2010ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமுக்குப் போகாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஒதுங்கி நின்றார். கடைசியில் செப்டம்பர் மாதம் 4 ஆண்டுகளுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆண்டுக்குப் பார்த்தால் 1 கோடியே 15 லட்சம், ஆசமுவாவுக்குக் கீழேதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் 3 கோடியே 20 லட்சம் உறுதிப்பணம். ஆள் விழுந்தாலும் எழுந்தாலும் அந்தப் பணம் உண்டு. 'உறுதி' என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

கையெழுத்திட்ட அந்த 2010ஆம் ஆண்டில் ரீவிஸ் பறித்த பந்துகள் எத்தனை தெரியுமா? பூச்சியம். ஆசமுவா பறித்ததும் பூச்சியம். ஆண்டு முடிவில் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலை அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டபோது, முதல் வரிசையில் மூலைக் காவலர்களாக இடம்பெற்றவர்கள் யார்? இதே ரீவிஸும் இதே ஆசமுவாவும்! இரண்டு பூச்சியங்கள், இரண்டு முதலிடங்கள். தோழர்களே, தாளில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புகிறவர் இந்த இடத்தில் என்ன பதில் சொல்வார்?

கதை அத்துடன் முடியவில்லை. 2011ஆம் ஆண்டு ஆசமுவா பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு 5 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனார். அங்கே முதல் ஆண்டில் 3 பந்துகளைப் பறித்தார். முன் நான்கு ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் அவ்வளவு பறித்ததில்லை. ஆனால் அங்கே ஆட்டமுறை வேறு. அவரை நிறுத்திய இடம் வேறு. அவரைத் தாண்டிப் பந்துகள் போயின. எண் கூடியது, மதிப்புக் குறைந்தது. 2013ஆம் ஆண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். ஆள் அதே ஆள், வயதும் ஏறியிருந்தது, நிரையும் மாறியிருந்தது. மனிதனின் திறமை என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, அவன் நிற்கும் இடத்தின் திறமை.

இனி நம் பால்காட்டுக்கு வருவோம்.

விடியுமுன்னே எழுந்து காட்டுக்குள் போகிறோம். இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் தளர்ந்து பால் மட்டுப்படும். இது ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி நாம் கற்றதல்ல, கையால் கற்றது. மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், தராசில் ஓர் எண் விழுகிறது. கிராணியார் எழுதிக்கொள்கிறார். மாதக் கடைசியில் அந்த எண்தான் நம் பெயர். அந்த எண்தான் நம் பிள்ளைகளின் புத்தகம், நம் வீட்டு அரிசி.

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம்.

முதலாவது, எடை வேறு, ரப்பர் வேறு. மங்கில் விழும் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அது மாறும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவர் 30 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர் ரப்பர் 100க்கு 30 பங்கு. ஆக அவர் தந்தது 9 கிலோ ரப்பர். இன்னொருவர் 25 கிலோதான் கொண்டுவருகிறார். ஆனால் 100க்கு 38 பங்கு. அவர் தந்தது ஒன்பதரைக் கிலோ. வாளியைப் பார்த்தால் முன்னவர் கெட்டிக்காரர். ரப்பரைப் பார்த்தால் பின்னவர். இந்தப் பங்கைச் சோதிக்கும்போது தொழிலாளி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நம் பால், நம் எண், நம் கண்ணுக்கு முன்னால் சோதனை. இதில் யாரையும் சந்தேகிப்பதாகாது. கடையில் சாமான் வாங்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோமே, அது கடைக்காரரை அவமதிப்பதா?

இரண்டாவது, நிரை. இளமரம் நிற்கும் சமவெளியில் ஒருவருக்கு நிரை. பட்டை பலமுறை வெட்டுண்ட கிழமரம் நிற்கும் மேட்டில் இன்னொருவருக்கு நிரை. இரண்டு பேரின் கிலோவையும் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, "பார், அவன் எவ்வளவு, நீ எவ்வளவு?" என்று கேட்டால் அது கணக்கா, குத்தலா? நாம் சிறுவராயிருந்த காலத்தில் பார்த்த ஓர் அம்மாவின் நினைவு வருகிறது. மேட்டு நிரை அவருக்கு. நாள்தோறும் தராசில் கடைசி எண் அவருடையதுதான். ஸ்டோர் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதே ஒரு சிரிப்பு எழும். ஒரு சமயம் நிரை மாற்றிக் கொடுத்தார்கள். எப்போதும் முதலில் வந்தவர் மேட்டுக்குப் போனார். அந்த அம்மா கீழே வந்தார். மாதம் முடிவதற்குள் எண்களும் இடம் மாறின. அன்று ஸ்டோர் வாசலில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மட்டும், "இத்தனை வருஷமும் நான் வெட்டினது இதே கைதான்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனார். அந்த ஒரு வாக்கியம்தான் நம்மைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாவது, பட்டை. இதைப் பால்வெட்டுத் தோழர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இதில் தவறு நம் பக்கத்திலும் வரக்கூடும். உளியை ஆழமாய் இறக்கினால் இன்று இரண்டு கிலோ கூடலாம். ஆனால் பட்டைக்கு அடியில் உள்ள உயிர்ப்படலத்தில் காயம் பட்டால், அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். நாளைக்கு அந்த இடத்தில் வெட்ட முடியாது. முறையாய் வெட்டினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பால் தரும் மரத்தை, பேராசைக் கை சில ஆண்டுகளில் பாழாக்கிவிடும். தராசுக்கு இது தெரியாது. காயம் போட்டு வெட்டிய இரண்டு கிலோவையும் காயமில்லாமல் வெட்டிய இரண்டு கிலோவையும் தராசு ஒரே மாதிரிதான் காட்டும். மூலைக் காவலர்களிலும் இப்படி உண்டு. பறிப்புக் கணக்கைக் கூட்டுவதற்காகத் தம் ஆளை விட்டுவிட்டுப் பந்தின் மேல் பாய்வார்கள். கிடைத்தால் கைதட்டல், தவறினால் எதிரிக்கு நேர்வழி. கிலோவுக்கு மட்டும் பணம் என்றால் காயம் போடுகிறவனுக்குத்தான் பரிசு. பட்டையைக் காப்பாற்றுகிறவரின் திறமைக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும் என்று நாம் கேட்பது தோட்டத்துக்கும் நன்மை, தொழிலாளிக்கும் நன்மை.

நான்காவது, மழையும் இலையுதிர் காலமும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டிய பின் பெய்தால் மங்கில் தண்ணீர். ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்ந்து துளிர்க்கும் மாதங்களில் பால் இறங்கிவிடும். அந்த மாதத்துக் கிலோவைக் காட்டி ஒருவரை மட்டம் தட்டுவது, பந்தே வராத பக்கத்தில் நின்றவரை "ஏன் பறிக்கவில்லை?" என்று கேட்பதற்குச் சமம்.

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. எண்களை எழுதும் கை உங்கள் கை. "நாங்கள் எழுதுவதோடு சரி" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் மரத்தின் வயது, நிரையின் இடம், மழைநாள் எத்தனை என்ற நான்கு சொற்கள் எழுதப்பட்டால், அந்த எண் உண்மையைப் பேசும். எழுதப்படாவிட்டால் அதே எண் பொய் சொல்லும். நீங்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தாம். உங்கள் வேலையையும் நாளைக்கு யாராவது "ஒரு நாளைக்கு எத்தனை தாள் எழுதினாய்?" என்று எண்ணி விலை பேச வரலாம். அன்று நீங்கள் என்ன பதில் சொல்வீர்களோ, அதையே இன்று வெட்டுக்காரருக்காகச் சொல்லுங்கள்.

இப்போது 'உறுதி' என்ற சொல்லுக்கு வருவோம்.

ரீவிஸ் 2012ஆம் ஆண்டு முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். மறு ஆண்டு டாம்பா பே அணிக்கு மாறியபோது 6 ஆண்டுகளுக்கு 9 கோடியே 60 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சம்! ஆனால் அந்த ஒப்பந்தத்தில் உறுதிப்பணம் ஒன்றுமே இல்லை. ஓராண்டு முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். எஞ்சிய ஐந்தாண்டுப் பணம் தாளிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அடுத்த வேலை உடனே கிடைத்தது. வெற்றிக் கோப்பையும் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு புகழ்மண்டபத்திலும் சேர்க்கப்பட்டார். அவருக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் பாடம் நமக்கு. ஒப்பந்தத்தில் மேலே எழுதிய பெரிய தொகையைப் பார்க்காதே. எது உறுதி என்பதைப் பார்.

நமக்கு உறுதி எது? சட்டம் தரும் குறைந்தபட்சச் சம்பளம். தீபகற்பத்தில் 2013ஆம் ஆண்டு 900 வெள்ளி என்று தொடங்கியது, 2022ஆம் ஆண்டு 1,500 வெள்ளி ஆயிற்று, 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி என்று நடப்புக்கு வந்தது. சிறிய முதலாளிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டு வரை தவணை தரப்பட்டது. இதில் வெட்டுக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. துண்டு வேலைக்கும் எடைக்கும் கூலி வாங்குகிறவருக்கும் மாதச் சம்பளம் அந்தத் தொகைக்குக் குறையலாகாது என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறது. "உனக்குக் கிலோக் கணக்கு, உனக்கு இது இல்லை" என்று யாராவது சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சம்பளத் தாளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரீவிஸ் தனி ஆளாய் ஒதுங்கி நின்று வென்றார். அவரைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்பதால் அது முடிந்தது. நம்மில் ஒருவர் தனியாய்ப் பிரட்டுக்கு வராமல் நின்றால் என்ன ஆகும்? நிரை மறுநாளே வேறொருவருக்குப் போகும். அவர்கள் நாட்டுச் சாதாரண ஆட்டக்காரருக்கும் அதே கதிதான். 1987ஆம் ஆண்டு அவர்களுடைய சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. முதலாளிகள் வெளியாட்களைக் கொண்டு ஆட்டத்தை நடத்தினார்கள். பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரும் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். 24 நாட்களில் ஒப்பந்தம் ஏதுமின்றி வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் சங்கம் அத்துடன் படுத்துவிடவில்லை. வழக்கு மேல் வழக்காய் நடத்தி, ஒப்பந்தம் முடிந்தவர் தம் விருப்பப்படி வேறு அணிக்குப் போகும் உரிமையை 1993ஆம் ஆண்டு வாங்கியது. ஆசமுவா பிலடெல்பியாவுக்குப் போனது அந்த வழியாகத்தான். ஒருவர் பெறும் கோடிக்குப் பின்னால் பெயர் தெரியாத பலர் இழந்த கூலி நிற்கிறது.

ரீவிஸ் பிறந்த ஊர் அலிக்விப்பா. பென்சில்வேனியா மாநிலத்து எஃகு ஆலை ஊர். அங்கே ஜோன்ஸ் அண்டு லாக்லின் என்ற ஆலையில் சங்கம் சேர்ந்த குற்றத்துக்காகப் பத்துத் தொழிலாளிகளை வேலைநீக்கம் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1937ஆம் ஆண்டு, சங்கம் சேரும் உரிமையைக் காக்கும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பந்தாட்டக்காரரின் ஊரைத் தேடிப் போனாலும் நாம் கடைசியில் வந்து நிற்பது ஒரு தொழிற்சங்கத்தின் வாசலில்தான்! இங்கே 1954ஆம் ஆண்டு தனித்தனியாய் இருந்த சங்கங்கள் கூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக எழுந்ததும் இதே எண்ணத்தால்தான். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு மோதவிட்டு இருவர் கூலியையும் குறைக்கும் வழியை அடைப்பதற்கு, இருவரும் ஒரே மேசையில் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும்.

அவர்கள் கோடிகளும் நம் வெள்ளிகளும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். பால்காடுகள் பல செம்பனையாகிவிட்ட காலம் இது என்பதும் தெரியும். ஆனால் செம்பனையில் குலை எண்ணினாலும், பால்காட்டில் கிலோ நிறுத்தாலும், தொழிற்சாலையில் பெட்டி எண்ணினாலும் கேள்வி ஒன்றுதான். எண்ணை யார் எழுதினார்? எதை விட்டுவிட்டு எழுதினார்?

ஆகவே, போவதற்கு முன் ஒரு வேலை தருகிறோம். ஆளுக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். இன்றைய கிலோ, ரப்பர்ப் பங்கு, எந்த நிரை, மழையா வெயிலா, அவ்வளவுதான். ஒரு மாதம் முடிந்ததும் சம்பளத் தாளோடு வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் மகிழ்ச்சி. ஒத்துவராவிட்டால் அந்தப் புத்தகத்தோடு சங்கத்துக்கு வாருங்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். நம் கையில் நூறு நோட்டுப் புத்தகங்கள் இருக்கட்டும்.

மேட்டு நிரையில் வெட்டிய அந்த அம்மாவிடம் அன்று அப்படி ஒரு புத்தகம் இருக்கவில்லை. இனி எந்த அம்மாவும் ஸ்டோர் வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!